ஜூரி வேண்டாம் என்றும் விழுந்த மரண தண்டனை: பிரையன் ஸ்டீவன்சனும் அலபாமாவும்

2024 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கென்னத் ஸ்மித் என்ற கைதிக்கு நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி மரண தண்டனை நிறைவேற்றினார்கள். உலகிலேயே இந்த முறையில் நடந்த முதல் தண்டனை என்பதால் செய்தி இங்கேயும் வந்தது. பேச்செல்லாம் வாயுவைப் பற்றித்தான். அதிகம் கவனிக்கப்படாத விவரம் இன்னொன்று உண்டு. ஸ்மித்தை விசாரித்த ஜூரியின், அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த குழுவின், 12 பேரில் 11 பேர் அவருக்கு ஆயுள் தண்டனை போதும் என்றவர்கள். நீதிபதி தனியாளாக அதை மரண தண்டனையாக மாற்றினார். அப்படி மாற்றும் அதிகாரத்தை அலபாமா 2017-லேயே ஒழித்துவிட்டது. பிறகு எப்படி 2024-ல் அவருக்குத் தண்டனையை நிறைவேற்ற முடிந்தது?

இதற்கு விடை தேடினால் ஒரு வக்கீலின் தொழில் வாழ்க்கைக்குள் போக வேண்டியிருக்கும். பிரையன் ஸ்டீவன்சன். 1989-லிருந்து அலபாமாவின் தலைநகர் மான்ட்கோமரியில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவும் தண்டிக்கப்பட்டவர்களுக்காகவும் வாதாடுபவர். ஒவ்வொரு கேஸாக எடுத்து வாதாடத் தொடங்கிய அவர், பிறகு சட்ட விதிகளை மாற்றப் போனார், அதற்கும் பிறகு அருங்காட்சியகம் கட்டினார். மூன்றுக்கும் என்ன தொடர்பு என்பது புரிந்தால் அமெரிக்க நீதிச் சீர்திருத்தம் எங்கே நகர்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பதும் புரியும்.

முதலில் அடிப்படை

அமெரிக்கக் குற்ற வழக்கு சில முக்கியமான இடங்களில் நம் நாட்டு வழக்கிலிருந்து வேறுபடுகிறது.

1. அரசு வக்கீல் தேர்தலில் நின்று வருபவர். நம் நாட்டில் அரசு வழக்கறிஞரை அரசு நியமிக்கிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட அட்டர்னி என்ற பதவிக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். யார் மீது வழக்குப் போடுவது, எந்தப் பிரிவில் போடுவது, மரண தண்டனை கேட்பதா வேண்டாமா என்பதெல்லாம் அவர் கையில். அலபாமாவில் நீதிபதிகளும் கட்சிச் சார்பில் தேர்தலில் நிற்கிறார்கள். ‘குற்றவாளிகளிடம் கடுமையாக இருந்தேன்’ என்பது அங்கே ஓட்டுக் கேட்கும் வாசகம்.

2. குற்றவாளியா இல்லையா என்று சொல்வது ஜூரி. ஊர்ப் பொதுமக்களில் இருந்து பொறுக்கி எடுத்த 12 பேர். பொறுக்கும்போது இரு தரப்பும் சிலரைக் காரணம் சொல்லாமலே விலக்கலாம். இனத்தை வைத்து விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1986-ல் சொன்னது. ஆனால் ‘முகம் கொடுத்துப் பேசவில்லை’, ‘பதற்றமாக இருந்தார்’ என்று ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லித் தப்பிக்க வழி இருந்தது, இருக்கிறது.

3. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு, கடுமையான குற்ற வழக்குகளில், அரசே வக்கீல் தர வேண்டும். இது 1963-ல் வந்த கிடியன் தீர்ப்பு. எவ்வளவு சம்பளம், ஒருவருக்கு எத்தனை கேஸ் என்பதையெல்லாம் அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது.

4. முழு விசாரணை அபூர்வம். மத்திய நீதிமன்றங்களின் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் எழுதியது. ‘ஒப்புக்கொண்டால் 5 வருடம், விசாரணைக்குப் போய்த் தோற்றால் 30 வருடம்’ என்ற ரகப் பேரம்.

5. தண்டனைக்குப் பிறகு இரண்டு கட்டங்கள். முதலாவது மேல்முறையீடு. விசாரணைப் பதிவில் இருப்பதை மட்டும் வைத்து வாதாட வேண்டும். அடுத்தது பின்மனு. போலீஸ் மறைத்த ஆதாரம், புதிதாகக் கிடைத்த சாட்சி, பழைய வக்கீலின் திறமைக் குறைவு போன்றவற்றைக் கிளப்ப வேண்டிய இடம் இதுதான். நிரபராதி ஒருவர் வெளியே வர வேண்டுமானால் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

ஐந்தாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அங்கேதான் இருக்கிறது.

ஓட்டை எங்கே இருந்தது

மரண தண்டனைக் கைதியாகவே இருந்தாலும், பின்மனுவுக்கு அரசே ஒரு வக்கீலைத் தந்தே தீர வேண்டும் என்று அரசியல் சாசனம் கட்டாயப்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1989 ஜூனில் தீர்ப்பளித்தது. தூக்குக்கு நாள் குறிக்கப்பட்ட ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், சட்டப்படி தானே மனு எழுதிப் போட வேண்டியதுதான் என்பது இதன் பொருள்.

அதே ஆண்டில்தான் ஸ்டீவன்சன் அலபாமாவுக்கு வந்து அலுவலகம் திறந்தார். 1959-ல் டெலவேர் மாநிலத்தின் மில்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தனியாக இருந்த பள்ளியில் படிப்பைத் தொடங்கியவர். ஹார்வர்டில் படிக்கும்போதே அட்லாண்டாவில் இருந்த ஒரு சட்ட உதவி அமைப்பில் பயிற்சிக்குப் போய், ஜார்ஜியாவின் மரண தண்டனைக் கைதிகளைச் சந்தித்தார். 1985-ல் பட்டம் வாங்கிய பிறகு முழுநேரமாக அங்கேயே சேர்ந்தார். அலபாமாவில் அவர் தொடங்கியதுதான் இன்று ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற பெயரில் இருக்கும் அமைப்பு. சுருக்கமாக இஜெஐ.

அவர் வந்தபோது அலபாமாவில் மாநிலம் முழுக்க இயங்கும் அரசுச் சட்ட உதவி அலுவலகம் கிடையாது. ஏழை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, உள்ளூர் நீதிபதி ஒரு தனியார் வக்கீலை நியமிப்பார். கொலை வழக்கைத் தயாரிக்க கோர்ட்டுக்கு வெளியே செய்யும் வேலைக்கு மணிக்கு 20 டாலர், மொத்தத்தில் 1,000 டாலருக்கு மேல் இல்லை. கணக்குப் போட்டால் 50 மணி நேரம். சாட்சிகளைத் தேட, தடயவியல் அறிக்கையைப் படிக்க, குடும்பத்தாரைப் பார்க்க, மனு எழுத, எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 மணி நேரம். அதற்கு மேல் உழைக்கும் வக்கீல் தன் கைக்காசைப் போட்டு உழைக்கிறார். ஒருவருக்கு உயிர் போகுமா போகாதா என்பது குற்றத்தைப் பொறுத்து முடிவாகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடைமுறையில் வக்கீலுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அதைவிட அதிகம் தீர்மானித்தது.

மன்ரோவில் வழக்கு

1986 நவம்பர் 1. மன்ரோவில் என்ற சிற்றூரில் சலவைக் கடை ஒன்றில் வேலை பார்த்த 18 வயது வெள்ளையினப் பெண் கொல்லப்பட்டார். மாதக்கணக்கில் துப்புக் கிடைக்கவில்லை. ஊரின் கோபம் போலீஸ் மீது திரும்பியது. 1987 ஜூனில் வால்டர் மெக்மில்லியன் என்பவரைக் கைது செய்தார்கள். காகித ஆலைகளுக்கு மரம் வெட்டி அனுப்பும் தொழில் செய்துவந்த கறுப்பினத்தவர். ஒரு வெள்ளையினப் பெண்ணோடு அவருக்குத் தொடர்பு இருந்தது ஊருக்கே தெரியும்.

கொலை நடந்த அன்று காலை அவர் வீட்டில் சர்ச்சுக்குப் பணம் திரட்ட மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்களும் சர்ச் ஆட்களுமாகப் பலர் அவரை அங்கே பார்த்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர்கள். எடுபடவில்லை. அப்புறம் நடந்ததைப் பாருங்கள்:

1. விசாரணை தொடங்கும் முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகளின் பிரிவில் அடைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். குற்றவாளி என்று யாரும் தீர்ப்பளிக்காத ஒருவர்.

2. வழக்கை, கறுப்பினத்தவர் மிகக் குறைவாக வாழ்ந்த பால்ட்வின் கவுண்டிக்கு மாற்றினார்கள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). ஜூரியில் 11 பேர் வெள்ளையினத்தவர், ஒருவர் மட்டும் கறுப்பினத்தவர்.

3. 1988 ஆகஸ்டில் ஒன்றரை நாளில் விசாரணை முடிந்தது. முக்கிய சாட்சி, வேறொரு கொலை வழக்கில் சிக்கியிருந்த ஒருவர்.

4. ஜூரி குற்றவாளி என்றது, ஆனால் ஆயுள் தண்டனை போதும் என்றது. நீதிபதி அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதித்தார்.

ஸ்டீவன்சன் இந்த வழக்கை எடுத்துச் செய்த வேலையில் பெரிய சட்ட சாகசம் ஒன்றுமில்லை. முதல் வக்கீலுக்கு நேரமோ பணமோ இல்லாமல் விட்டுப்போனதை உட்கார்ந்து செய்தார், அவ்வளவுதான். சாட்சிகளை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். கோப்புகளைக் கேட்டு வாங்கினார். முக்கிய சாட்சியின் வாக்குமூலம் பதிவான கேசட் கிடைத்தது. அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது மறுபக்கத்தில் இன்னொரு உரையாடல் இருந்தது. தனக்குத் தெரியாத ஒரு ஆளை, தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கொலையில் மாட்டிவிடச் சொல்கிறீர்களே என்று அந்தச் சாட்சி போலீஸாரிடம் புலம்புகிறார். எதிரிக்குச் சாதகமான ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்பது 1963-லிருந்து இருக்கும் சட்டம். இந்தக் கேசட்டின் மறுபக்கம் ஜூரியின் காதுக்குப் போகவே இல்லை. சாட்சியும் பின்னர் தான் சொன்னது பொய் என்று கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகும் உள்ளூர் நீதிபதி அசையவில்லை. 1992-ல் தேசியத் தொலைக்காட்சியில் இந்த வழக்கு வந்தது. 1993 பிப்ரவரியில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது, மார்ச் தொடக்கத்தில் அரசே வழக்கைக் கைவிட்டது. ஆறு வருடம் கழித்து மெக்மில்லியன் வெளியே வந்தார்.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல கதை. வெளியே வந்த மெக்மில்லியன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அது 1997-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அலபாமாவில் ஷெரிஃப், அதாவது கவுண்டியின் தலைமைப் போலீஸ் அதிகாரி, கவுண்டி வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, கவுண்டியிடம் சம்பளம் வாங்குபவர். இருந்தாலும் சட்டம் ஒழுங்கு விஷயத்தில் அவர் மாநிலத்தின் பிரதிநிதி, அதனால் அவர் செய்ததற்குக் கவுண்டி பொறுப்பில்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மாநிலத்தின் மீது அப்படி நஷ்டஈட்டு வழக்குப் போடவும் முடியாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொரு ஜன்னலிலும் பக்கத்து ஜன்னலைக் காட்டும் அரசு அலுவலகம் மாதிரி. ஒரு நிரபராதியை விடுவித்தால் அமைப்பு தானாகத் திருந்திவிடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என் கண்ணில் பட்டதில்லை.

நீதிபதியின் தனி அதிகாரம்

இப்போது ஸ்மித்தின் வழக்குக்கு வரலாம். ஜூரி ஆயுள் என்று சொன்னாலும் நீதிபதி மரணம் என்று மாற்றும் அதிகாரம் முன்பு வேறு சில மாநிலங்களிலும் இருந்தது. ஃபுளோரிடாவும் டெலவேரும் கைவிட்ட பிறகு கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்தது அலபாமா. நூறு முறைக்கு மேல் அங்கே நீதிபதிகள் ஜூரியை மீறியிருக்கிறார்கள். தத்துவப்படி மரணத்தை ஆயுளாகக் குறைக்கவும் இதைப் பயன்படுத்தலாம். நடந்ததில் பெரும்பகுதி ஆயுளிலிருந்து மரணத்துக்குத்தான். தேர்தலில் நிற்கும் நீதிபதிக்கு எது லாபம் என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்காது.

இஜெஐ வருடக்கணக்கில் இதைக் கோர்ட்டில் எதிர்த்தது, புள்ளிவிவர அறிக்கைகளும் வெளியிட்டது. 2017 ஏப்ரலில் ஆளுநர் கே ஐவி கையெழுத்திட்டு அந்த அதிகாரம் ஒழிந்தது. ஆனால் சட்டம் வரப்போகும் வழக்குகளுக்கு மட்டும். ஏற்கெனவே அப்படித் தண்டனை பெற்றவர்களுக்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். ஸ்மித்துக்கு நீதிபதி மாற்றி எழுதியது 1996-ல். அதனால்தான் 2024-ல் அதே தண்டனை நிறைவேறியது, விஷ ஊசிக்குப் பதில் வாயு, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் மிச்சமிருக்கிறது. மரண தண்டனைக்கு 12 ஜூரிகளும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை அலபாமாவில் இன்னும் இல்லை. 10 பேர் சொன்னால் போதும்.

ஆயிரம் டாலர் தவறு

பணம் எப்படித் தீர்ப்பாகிறது என்பதற்கு ஆந்தனி ரே ஹின்டன் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1985-ல் அலபாமாவின் பர்மிங்ஹாம் பகுதியில் உணவகங்களில் நடந்த கொள்ளைகளில் இரண்டு மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூன்றாவது சம்பவத்தில் பிழைத்தவர் ஹின்டனை அடையாளம் காட்டினார். அந்த நேரத்தில் ஹின்டன் பூட்டிய கிடங்கு ஒன்றில் வேலையில் இருந்தார். அவருக்கு எதிரான பொருள் ஆதாரம் ஒன்றே ஒன்று: அவர் அம்மாவின் பழைய ரிவால்வரிலிருந்துதான் தோட்டாக்கள் வந்தன என்ற அரசு நிபுணரின் சாட்சியம்.

அதை மறுக்க எதிரி தரப்புக்கும் ஒரு நிபுணர் வேண்டும். அரசு நியமித்த வக்கீல், அதற்கு 1,000 டாலர்தான் கிடைக்கும் என்று நினைத்தார். அந்த உச்சவரம்பைச் சட்டம் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தது. அவர் பார்க்கவில்லை. அந்தக் காசுக்குக் கிடைத்தவர் ஒரு கண்ணில் பார்வையில்லாத பொறியாளர். நுண்ணோக்கியை இயக்கவே தடுமாறினார் என்பதை அரசு வக்கீல் ஜூரி முன்னால் போட்டு உடைத்தார். ஹின்டனுக்கு மரண தண்டனை.

இஜெஐ வழக்கை எடுத்த பிறகு, 2002-ல் நாட்டின் தலைசிறந்த துப்பாக்கி நிபுணர்கள் மூன்று பேர், அந்தத் தோட்டாக்கள் அந்த ரிவால்வருக்குப் பொருந்துவதாகச் சொல்லவே முடியாது என்று சாட்சி சொன்னார்கள். மறுபரிசோதனை செய்யுங்கள் என்று கேட்டதற்கு அரசு சம்மதிக்கவில்லை. இன்னும் 12 வருடம் ஓடியது. 2014-ல் உச்ச நீதிமன்றம், அந்த வக்கீல் சட்டத்தைப் பார்க்காமல் விட்டது அவருடைய கடமையில் விழுந்த குறை என்று ஒருமனதாகச் சொன்னது. 2015 ஏப்ரல் 3 அன்று ஹின்டன் விடுதலை. உள்ளே போனபோது 29 வயது. ஏறத்தாழ 30 வருடம்.

1973-க்குப் பிறகு அமெரிக்காவில் மரண தண்டனை பெற்று, பிறகு குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்கள் சுமார் 200 பேர். அதே காலத்தில் நிறைவேறிய தண்டனைகள் 1,600-ஐத் தாண்டியவை. எட்டுப் பேருக்குத் தண்டனை நிறைவேறினால் ஒருவர் தவறாகச் சிக்கியவர் என்று தெரியவருகிறது. தெரியவந்தவர்கள் மட்டும்.

கேஸிலிருந்து விதிக்கு

கேஸ் கேஸாகப் போனால் முடியாது என்பது 1990-களிலேயே தெரிந்துவிட்டது. 1995-ல், மரண தண்டனைக் கைதிகளின் வழக்குகளை எடுத்து நடத்திய மையங்களுக்கு மத்திய அரசு தந்துவந்த நிதியை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறுத்தியது. அந்த ஆண்டு ஸ்டீவன்சனுக்குக் கிடைத்த மெக்கார்தர் அறக்கட்டளையின் நல்கைப் பணம் அலுவலகத்தை ஓட்டப் போனது. மறு ஆண்டு வந்த ஒரு மத்திய சட்டம், மாநிலத் தண்டனையை எதிர்த்து மத்திய நீதிமன்றத்துக்குப் போக ஓராண்டுக் கெடு வைத்தது. பின்மனு வாசலே குறுகிப்போனது.

அவர் தேர்ந்தெடுத்த அடுத்த களம், குழந்தைகளுக்கு விதிக்கப்படும் சாகும்வரைச் சிறை. பரோல் என்றால் இங்கே சில நாள் விடுப்பு. அங்கே அது நிபந்தனையோடு கூடிய முன்விடுதலை. ‘பரோல் இல்லாத ஆயுள்’ என்றால் சவமாகத்தான் வெளியே வர முடியும். இந்தத் தண்டனையை 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவந்தார்கள்.

படிப்படியாக நகர்ந்த கதை இது:

1. 2005: 18 வயதுக்குக் கீழ் குற்றம் செய்தவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வளரும் மூளை, சூழலின் பிடி, திருந்தும் வாய்ப்பு ஆகியவை அதற்கான காரணங்கள்.

2. 2010: அதே காரணங்கள் சிறைத் தண்டனைக்கும் பொருந்தாதா? கொலை அல்லாத குற்றங்களில் சிறார்களுக்குப் பரோல் இல்லாத ஆயுள் கூடாது என்று தீர்ப்பு. ஸ்டீவன்சன் இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு வழக்கில் வாதாடினார்.

3. 2012 ஜூன் 25, மில்லர் எதிர் அலபாமா. வாதாடியவர் ஸ்டீவன்சன். கொலை வழக்காக இருந்தாலும், நீதிபதி வயதையும் பின்னணியையும் பார்க்கவே இடமில்லாமல் சட்டமே கட்டாயமாக இந்தத் தண்டனையை விதிக்கக் கூடாது என்று 5-க்கு 4 தீர்ப்பு. அப்போது இப்படிக் கட்டாயத் தண்டனையில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள்.

4. 2016: அது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று தெளிவாக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள்.

5. 2021: நீதிமன்றத்தின் ஆட்கள் மாறியிருந்தார்கள். ‘இவர் திருந்தவே மாட்டார்’ என்று நீதிபதி தனியாகக் கண்டறிந்து எழுதத் தேவையில்லை என்று 6-க்கு 3 தீர்ப்பு. விதி பெயரளவில் இருக்கிறது, பல் கழன்றுவிட்டது.

அதே 2021 ஏப்ரலில், எந்த மில்லரின் பெயரால் விதி மாறியதோ அவரை அலபாமா நீதிபதி மறுபடியும் விசாரித்து, எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகச் சொல்லி, அதே தண்டனையைத் திரும்ப விதித்தார். யாரோ ஆயிரம் பேர் வீட்டுக்குப் போனார்கள், ஸ்டீவன்சனின் கட்சிக்காரரான மில்லர் போகவில்லை. இந்த வேலையின் இயல்பே இதுதான். உச்ச நீதிமன்றம் தருவது ஒரு வாய்ப்பு மட்டும். அதைக் கடைசியில் பயன்படுத்துவதோ வீணாக்குவதோ உள்ளூர் நீதிபதி.

ஒரு வக்கீல் ஏன் அருங்காட்சியகம் கட்டுகிறார்

1987-ல் மெக்ளெஸ்கி என்ற ஜார்ஜியா கைதியின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதில் ஒரு புள்ளிவிவர ஆய்வை முன்வைத்தார்கள். கொல்லப்பட்டவர் வெள்ளையினத்தவராக இருந்தால், கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட வழக்கைவிட மரண தண்டனை விழும் வாய்ப்பு 4.3 மடங்கு. நீதிமன்றம் ஆய்வு தப்பு என்று சொல்லவில்லை. அது சரியென்றே வைத்துக்கொண்டாலும், இந்தக் குறிப்பிட்ட வழக்கில் இந்தக் குறிப்பிட்ட ஆள் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார் என்று நிரூபிக்காதவரை பயனில்லை என்றது. மனதில் இருப்பதை யார் நிரூபிப்பது? 5-க்கு 4 என்ற அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பாவல், ஓய்வுபெற்ற பிறகு, மாற்ற முடிந்தால் அந்த வழக்கில் போட்ட வாக்கை மாற்றுவேன் என்று தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் சொன்னார். மெக்ளெஸ்கிக்கு 1991-ல் தண்டனை நிறைவேறியது.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, அமைப்பில் இனப்பாகுபாடு இருக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு வாதாடும் கதவு கோர்ட்டில் ஏறத்தாழ மூடிவிட்டது. ஆனால் ஜூரியில் உட்காருபவர்கள் கோர்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அல்ல. மாவட்ட அட்டர்னிக்கு ஓட்டுப் போடுபவர்களும் அல்ல. அவர்கள் ஊரிலிருந்து வருகிறார்கள், ஊரின் நினைவோடு வருகிறார்கள். ஸ்டீவன்சனின் மூன்றாவது திருப்பம் இங்கே தொடங்குகிறது.

2015-ல் இஜெஐ, 1877 முதல் 1950 வரை தென்மாநிலங்களில் கும்பல்கள் கறுப்பினத்தவரை அடித்தும் எரித்தும் தூக்கிலிட்டும் கொன்ற சம்பவங்களைக் கவுண்டி வாரியாகத் தொகுத்து வெளியிட்டது. பின்னர் சேர்ந்தவற்றோடு எண்ணிக்கை 4,400-ஐத் தாண்டியது. 2018 ஏப்ரலில் மான்ட்கோமரியில் நினைவிடமும் அருங்காட்சியகமும் திறந்தார்கள். நினைவிடத்தில் 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள், ஒரு கவுண்டிக்கு ஒன்று, அங்கே கொல்லப்பட்டவர்களின் பெயர்களோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலும் வெளியே கிடக்கிறது. அந்தந்த ஊர்க்காரர்கள் வந்து தங்கள் ஊர்த் தூணை எடுத்துப்போய் நடலாம் என்பது திட்டம். கொலை நடந்த இடங்களின் மண்ணை அந்த ஊர் மக்களே அள்ளிக் கண்ணாடி ஜாடிகளில் கொண்டுவந்து வைத்தார்கள். சமூக நீதி என்ற சொல்லுக்கு இந்த வேலையில் இருக்கும் நேரடிப் பொருள், ஊர்க்காரர்கள் தங்கள் கைகளை இதில் இறக்குவது.

இதனால் ஜூரிகளின் மனம் மாறியதா? அளக்கும் வழி கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்கான இடமாகிவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது வக்கீல் வேலையின் நீட்சியாகவே படுகிறது: கோர்ட் ஏற்க மறுத்த ஆதாரத்தை ஊர் முன்னால் வைத்திருக்கிறார்.

மற்றவர்கள் பிடித்த வழிகள்

ஸ்டீவன்சன் வழி ஒன்றே வழி அல்ல. அது தண்டனை விழுந்த பிறகு தொடங்குகிறது, பெரும்பாலும் மிகக் கடுமையான தண்டனைகளைத் தொடுகிறது. சிறைகளில் இருக்கும் ஏறத்தாழ 19 லட்சம் பேரில் மரண தண்டனைக் கைதிகள் மிகச் சிறிய துளி.

1. எல்லாம் ஒரே கூரையில். நியூயார்க்கில் 1997-ல் தொடங்கிய பிராங்க்ஸ் டிஃபெண்டர்ஸ், ஒருவருக்கு வக்கீலோடு சமூகப் பணியாளர், வீட்டு வழக்கு நிபுணர், குடியேற்ற வழக்கறிஞர் எல்லோரையும் சேர்த்துத் தருகிறது. சின்ன வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் வீடு போகும், நாடு கடத்துவார்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிகிறது. பத்து ஆண்டுகளில் நடந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை ஆராய்ந்தவர்கள், சிறைத் தண்டனை விழும் வாய்ப்பு 16 சதவீதமும் தண்டனைக் காலம் 24 சதவீதமும் குறைந்ததாகக் கண்டார்கள். ஊரின் குற்றம் கூடவில்லை.

2. மேசையின் மறுபக்கம் போவது. போலீஸ் மீது பல வழக்குகள் போட்ட வக்கீல் லாரி க்ராஸ்னர், 2017-ல் பிலடெல்பியாவின் மாவட்ட அட்டர்னியாகவே தேர்வானார். சான் பிரான்சிஸ்கோவில் அரசுச் சட்ட உதவி வக்கீலாக இருந்த செசா பூதின் 2019-ல் ஜெயித்து, 2022 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பிலேயே பதவி இழந்தார். தேர்தலில் வந்த அதிகாரம் தேர்தலிலேயே போகும்.

3. சட்டமன்றம் வழியாக மெக்ளெஸ்கியைச் சுற்றிப் போவது. வட கரோலினா 2009-ல், மரண தண்டனை வழக்குகளில் இனப்பாகுபாட்டைப் புள்ளிவிவரத்தால் நிரூபிக்கலாம் என்று சட்டம் போட்டு, 2013-ல் ஆட்சி மாறியதும் ரத்து செய்தது. கலிஃபோர்னியா 2020-ல் இன நீதிச் சட்டம் கொண்டுவந்தது. மெக்ளெஸ்கி தீர்ப்பின் அளவுகோலை ஏற்கவில்லை என்று அதில் வெளிப்படையாகவே எழுதினார்கள். வேண்டுமென்றே பாகுபாடு என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஒரே மாதிரியான குற்றத்துக்கு ஒரே கவுண்டியில் யாருக்கு என்ன தண்டனை விழுந்தது என்ற கணக்கே ஆதாரம். 2022-ல் இன்னொரு சட்டம் போட்டு, அதைப் பழைய தீர்ப்புகளுக்கும் படிப்படியாக விரித்தார்கள். மரண தண்டனைக் கைதிகளுக்கு முதல் வரிசை: 2023 ஜனவரி முதல் அவர்கள் மனு போடலாம்.